பதினாறு ஆவர்த்தனம்

ஓபோதான் எல்லாருக்கும் சுருதி கொடுக்கும்.
அன்று ஓபோவின் நாற்காலியில்
யாரோ வைத்துவிட்டுப்போன குடை மட்டும்.
ஆகவே என் செல்லோவை எடுத்து
முதல் தந்தியை நீளமாக இழுத்தேன்.
முப்பத்தெட்டுப் பேர் அதைப் பிடித்துக்கொண்டு
ஆளுக்கொரு பக்கம் போனார்கள்.

பட்டர்வொர்த், சீனப் பள்ளி மண்டபம்.
வெளியே மழை நின்ற புழுக்கம்.
உள்ளே ஏர்கான் போட்டதும்
பிரடைகள் ஒவ்வொன்றாக வழுக்கின.

எங்கள் குழுவை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள்.
டிம்பனி அடிக்கும் தெய்க் ஹுவாட்
ஜெலுத்தோங்கில் தூண்டில் கடை வைத்திருக்கிறார்.
எழுபத்து மூன்று ஆவர்த்தனம் சும்மா நிற்கவேண்டிய இடத்தில்
ஹொக்கியனில் எண்ணுவார், உதடு அசையும்,
அறுபதைத் தாண்டினால் கண்ணை மூடிக்கொள்வார்
மீன் கடிக்கப்போவதுபோல.
டிராம்போன் பிரகலாதன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார்.
வயோலாக்காரர்களில் பாதிப் பேருக்கு
பாயான் லெப்பாஸில் ஷிப்டு மாறினால்தான் ஒத்திகை.
ரொஹானி அவசரப் பிரிவில் தாதி.

நான் செல்லோக்காரி.
கையில் குச்சி எடுத்த நாளிலிருந்து
மேடையில் சத்தமே போடாத ஒரே ஆள்.

இரண்டாம் பகுதி மெதுவானது.
அதில் பதினாறு ஆவர்த்தனம் ரொஹானியுடையது.
மற்றவர்கள் அடியில் தண்ணீராகக் கிடக்கவேண்டும்.
செல்லோ என் காலடியில்தான் படுத்திருந்தது.
அந்த வரி எனக்குத் தலைகீழ்ப் பாடம்,
வெங்காயம் நறுக்கும்போதுகூட விரல் போடுவேன்.
குனிந்தால் போதும்.

குனியவில்லை.
ஏன் என்று கேட்டால் இன்றும் எனக்குச் சொல்லத் தெரியாது.
இடது கையை அந்த நாற்காலிப் பக்கம் திருப்பி
வா என்றேன், வழக்கம்போல,
குடையைப் பார்த்து.

பாட்டில்லாமல் பக்கவாத்தியம் மட்டும் நடந்தது.
‘இதையெல்லாம் யார் கேட்கப் போறா’ என்று
நாலு மாதமாக முணுமுணுத்த இரண்டாம் வயலின்கள்
தங்களைத் தாங்களே கேட்டுவிட்டு
வில்லைப் பூப்போல ஒற்றினார்கள்.
வயோலாவில் ஓர் இறக்கம் இருக்கிறது.
ஆறு படி. நாலாவதில் கொஞ்சம் தயங்கும்.
மதிப்பெழுதிப் பென்சிலால் வட்டம் போட்டவள் நானே,
கேட்டது அன்றுதான்.
பாசூன் மூச்சு வாங்கியது கடைசி வரிசைவரை போயிற்று.
ஒரு குழந்தை ‘முடிஞ்சிருச்சாம்மா?’ என்றது.
தெய்க் ஹுவாட்டின் உதடு அசைந்தது,
அந்த இடத்தில் அவருக்கு எண்ண ஒன்றுமில்லை.

கைத்தட்டு ஓயும்போது வந்தாள்.
தாதிச் சீருடை, நனைந்த தூடோங்,
கக்கத்தில் ஓபோப் பெட்டி.
ஜூருவில் தொழிற்சாலை பஸ் கவிழ்ந்திருக்கிறது.
‘என் இடத்தை யார் வாசிச்சது?’
யாரும் வாசிக்கவில்லை, காலியாக விட்டோம் என்றேன்.
‘நீ கீலாவா? செல்லோ இருக்குதானே?’
என்றவள் நாற்காலியில் இருந்த குடையை எடுத்துக்
கீழே வைத்துவிட்டு
அங்கேயே உட்கார்ந்துகொண்டாள், பிரகலாதன்
விளக்கை அணைக்க வரும்வரை.

மோட்டார் அங்கேயே நிற்கட்டும் என்று
என் காரில் ஏற்றிக்கொண்டேன்.
முன்சீட்டில் பெல்ட் போட்ட செல்லோ,
அதற்கு என் மைவியில் வேறு இடமில்லை.
பின்சீட்டில் செருப்பைக் கழற்றிவிட்ட ரொஹானி.
டோல் தாண்டிப் பாலம் ஏறும்போது
முனகத் தொடங்கினாள் அந்தப் பதினாறை,
ஒரு ஸ்தாயி கீழே, அங்கங்கே தப்பாக.
ஏழாவதில் தூங்கிப்போனாள்.

மீதி ஒன்பதையும்
ஸ்டியரிங்மேல் என் இடது விரல்கள்
அழுத்தி அழுத்திப் போய்க்கொண்டிருந்தன.
வலது கை வண்டியைப் பார்த்துக்கொண்டது.